கிராண்டுல யாரு பேரு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. யாரையும் குத்திக் காட்ட எழுதல. நம்ம வீட்டு விசயம், நாமதான் பேசணும்.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். ஒரு தம்பியும் அவர் மனைவியும் மூணு பிள்ளைங்களோட ஓரமா நின்னாங்க. என்னம்மான்னு கேட்டோம். வீட்டுக்காரர் வீட்டை விக்கப் போறாராம், ரெண்டு மாசத்துல காலி பண்ணணுமாம். எங்கயாவது வாடகைக்கு வீடு இருந்தா சொல்லுங்க அண்ணேன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் கம்பெனியில வேலை, ஓவர்டைமும் செய்றாங்க. 11 வருசமா மாசம் 650 வெள்ளி வாடகை. அங்கேயே கணக்குப் போட்டுப் பாத்தோம். 85,800 வெள்ளி. அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிடுச்சு.

அதே ராத்திரி கூட்டத்துல திருவிழா அலங்காரம், வாணவேடிக்கை, பேண்டு வாத்தியம்னு ஒன்றரை மணி நேரம் பேசினோம். அந்தக் குடும்பத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அதுல நாங்களும் சேர்த்திதான். அந்த உறுத்தல்லதான் இதை எழுதுறோம்.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பாப்போம். நம்ம பாட்டன் பூட்டன் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடுன்னு எங்கெங்கயோ இருந்து கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்குக்கு வந்தாங்க. வந்தவங்க யாரும் இங்க தங்கணும்னு வரல. நாலு காசு சேத்துக்கிட்டு திரும்பிப் போகணும்னுதான் வந்தாங்க. கம்பெனி லயத்து வீட்டுல இருந்துக்கிட்டு, மிச்சம் பிடிச்ச காசை ஊருக்கு அனுப்பினாங்க. அந்தக் காசுல ஊர்ல வாங்கின காணியில இன்னிக்கி யாரு இருக்காங்கன்னு நம்மில் பல பேருக்குத் தெரியாது. அங்கயும் வீடு இல்ல, இங்கயும் வீடு இல்ல.

1938ல இந்தியா அரசாங்கம் ஆள் அனுப்புறதை நிறுத்துச்சு. அப்புறம் ஜப்பான்காரன் காலம், சயாம் மரண ரயில். 1957ல சுதந்திரம். 1968ல குடியுரிமை இல்லாதவங்க வேலை பெர்மிட் எடுக்கணும்னு சட்டம் வந்துச்சு. சிவப்பு ஐசி வச்சிருந்த ஆயிரக்கணக்கான பேர் மறுபடி கப்பல் ஏறிப் போனாங்க. முப்பது நாற்பது வருசம் உழைச்ச மண்ணுல அவங்க பேர்ல ஒரு அடி நிலம் கிடையாது.

அதே காலத்துல வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தான். தொழிலாளிங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க. அப்பதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தை ஆரம்பிச்சாரு. தோட்டம் தோட்டமா போய், பத்து பத்து வெள்ளியா போடுங்க, தோட்டத்தை நாமளே வாங்குவோம்னாரு. பால்மரம் வெட்டுற கையில பத்து வெள்ளி அன்னைக்கு சின்னக் காசு இல்ல. ஆனாலும் போட்டாங்க. அந்தச் சங்கம் முதல்ல வாங்கின தோட்டம் எங்க இருக்கு தெரியுமா? நம்ம கெடாவுலதான், புக்கிட் சிடிம் தோட்டம். எழுதப் படிக்கத் தெரியாத சனங்க, கைநாட்டு வச்சு ஒரு தோட்டத்தையே வாங்கினாங்க. எஸ்பிஎம் படிச்ச நாம, டிப்ளமா படிச்ச நம்ம பிள்ளைங்க, ஒரு லிங்க் வீடு வாங்கப் பயப்படுறோம்.

எங்க கதையும் சொல்றோம். எங்க அப்பா பீடோங் பக்கத்துல ஒரு தோட்டத்துல 31 வருசம் மரம் வெட்டினாரு. வயசாகி வேலையை விட்டதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சு. தோட்டத்து வீடு வேலைக்குக் குடுத்த வீடு, வேலை முடிஞ்சா வீடும் முடிஞ்சது. அம்மா வச்ச முருங்கையும் கருவேப்பிலையும் வாசல்ல நின்னுச்சு. லோரியில சாமான் ஏத்தின பிறகு, அம்மா திரும்பிப் போய் வாசல்ல கோலம் போட்டுட்டு வந்து ஏறினாங்க. அப்ப மலிவு விலை வீடு 25,000 வெள்ளி. அப்பாவோட ஈபிஎஃப் கொஞ்சம், எங்க சம்பளத்துல லோன் கொஞ்சம்னு சேர்த்து ஒண்ணு வாங்கினோம். கிராண்டு கையில வந்த அன்னைக்கு அப்பா அதைச் சாமி மேடையில வச்சுக் கும்பிட்டாரு. அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. எங்க பேரு இதுல எங்க இருக்கு, தொட்டுக் காட்டுன்னு கேட்டாரு.

இப்ப நம்ம நிலைமைக்கு வருவோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு பெரியவங்க சொன்னாங்க. வரிசையைக் கவனிங்க. வீடு முதல்ல, கல்யாணம் அப்புறம். நாம தலைகீழா செய்றோம். மண்டபம், டெக்கரேஷன், ரெண்டு நாள் விருந்துன்னு 40,000 வெள்ளி கடன். அப்புறம் ஒன்பது வருச லோன்ல காரு. அதுக்கப்புறம் பேங்குக்குப் போனா வீட்டு லோன் எப்படிக் கிடைக்கும்?

கணக்கைப் பாருங்க. ரெண்டு லட்சம் வெள்ளி வீடு, 90 விழுக்காடு லோன், 35 வருசம், வட்டி நாலு விழுக்காடுன்னா மாசம் சுமார் 800 வெள்ளி. அந்தத் தம்பி கட்டின வாடகைக்கும் இதுக்கும் 150 வெள்ளிதான் வித்தியாசம். முன்பணத்துக்கு ஈபிஎஃப் செஜாத்ரா கணக்குல இருந்து எடுக்கலாம். சம்பள சீட்டு இல்லாம கடை வச்சிருக்கவங்க, கிராப் ஓட்டுறவங்களுக்கு எஸ்ஜேகேபி உத்தரவாதத் திட்டம் இருக்கு. இதெல்லாம் நம்ம சனங்களுக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்றதும் இல்ல.

சம்பளம் பத்தலையே அண்ணே, விலைவாசி இப்படி இருக்கேன்னு கேப்பீங்க. நியாயம்தான். எல்லாராலயும் உடனே முடியாது. பேங்கு, டெவலப்பர், அரசாங்கம் எல்லாத்துலயும் நமக்குக் கஷ்டம் இருக்கு, மறுக்கல. ஆனா முடியுற குடும்பமும் வாடகையில இருக்கே, அதைத்தான் கேக்குறோம். அவசரப்பட்டு ஏமாறவும் கூடாது. ரசீது இல்லாம ஏஜென்ட் கையில காசு குடுக்காதீங்க. பழைய வீடுன்னா நில அலுவலகத்துல கிராண்டைத் தேடிப் பாருங்க. மலாய் ரிசர்வ் நிலம்னு இருந்தா நம்ம பேர்ல மாத்த முடியாது. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரையும் போடுங்க. அப்பா இறந்து பத்து வருசம் ஆகியும் கிராண்டு அவர் பேர்லயே கிடந்தா, அண்ணன் தம்பிங்க சண்டை வர்றதுக்கு முன்னாடி நில அலுவலகத்துக்குப் போய் மாத்துங்க.

கோயில் வேலை வேற, வீட்டு வேலை வேறன்னு சிலர் சொல்வாங்க. அப்படி இல்லீங்க. 1946, 47ல பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துல தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைக்கு எதிரா நின்னுச்சு. குடும்பம் நல்லா இருக்கணும்னுதான் அவங்களும் தொண்டு செஞ்சாங்க. கோயிலுக்கும் இதே நோய்தான். தோட்டத்து நிலத்துல நூறு வருசமா விளக்கு எரிஞ்ச கோயிலுங்க, நிலம் கைமாறினதும் அனுமதி இல்லாத கோயில்னு பேர் வாங்குது. 2025ல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பத்ரகாளியம்மன் கோயில் விசயத்துல நாடே பாத்துச்சு. பக்தனுக்கும் கிராண்டு இல்ல, சாமிக்கும் கிராண்டு இல்லன்னா எப்படி?

ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான்னு நாம மேடையில பெருமை பேசுறோம். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் போட்டோ எடுக்குறோம். நல்லதுதான். ஆனா அதே கடாரத்துல, தாமான்ல ஒரு வீடு நம்ம பேர்ல இருக்கான்னு பாக்க வேண்டாமா?

அதனால நிர்வாகத்துக்கு எங்க வேண்டுகோள். இந்த வருசம் வாணவேடிக்கையைப் பாதியாக் குறைப்போம். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கப்புறம் மண்டபத்துல ஒரு மேசை போடுவோம். நம்ம பக்தர்கள்ல பேங்குல, வக்கீல் ஆபீஸ்ல வேலை செய்றவங்க இருக்காங்க. அவங்க வந்து உக்காரட்டும். வர்றவங்க ஐசி நகல், மூணு மாச சம்பள சீட்டு, ஈபிஎஃப் அறிக்கை, சிசிரிஸ் அறிக்கை கொண்டு வரட்டும். கடன் பாக்கி இருந்தா வெக்கப்பட வேண்டாம். எதை முதல்ல அடைக்கணும்னு உக்காந்து பேசுவோம். ஒரு வருசத்துல மூணு குடும்பம் சாவி வாங்கினா போதும். அதுவும் அம்மாளுக்கு நாம செய்ற உபயம்தான்.

அந்தத் தம்பிக்கு இப்போதைக்கு கூலிம் பக்கம் ஒரு வாடகை வீடு பாத்துக் குடுத்திருக்கோம். அடுத்த தடவை அந்தப் பிள்ளைங்க வீடு மாறும்போது சொந்த வீட்டுக்குத்தான் போகணும். அதுக்கு அம்மாள் அருள் புரியணும், நாமளும் கொஞ்சம் கை குடுக்கணும்.

மேசையில உக்கார முடிஞ்சவங்க கீழ பேர் போடுங்க. தப்பா எதாவது எழுதியிருந்தா மன்னிக்கணும். அம்மாள் துணை.