போதகருக்கும் ஒரு துணை வேண்டும்

காலையில் ஞானஸ்நானம், நண்பகலில் திருமண ஆராதனை, மாலையில் அடக்க ஆராதனை என ஒரே நாளில் ஓடும் போதகர்களைத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பலரும் பார்த்திருப்போம். மூன்று வீடுகளின் மகிழ்ச்சியிலும் துக்கத்திலும் பங்குகொண்டு இரவில் குருமனைக்குத் திரும்பும் அவர், தம் மனபாரத்தை யாரிடம் இறக்கி வைப்பார்? சபையாரிடம் சொன்னால் ஊர்ப் பேச்சாகிவிடும். மேலிடத்தில் சொன்னால், இடமாற்ற நேரத்தில் அதுவே குறையாக எண்ணப்படுமோ என்ற அச்சம். கிளைச் சபையில் பணியாற்றும் உபதேசியாருக்கும், வாடகைக் கட்டடத்தில் தனிச் சபை நடத்தும் பாஸ்டருக்கும், ஒற்றையாய் வசிக்கும் பங்குத்தந்தைக்கும் இதே நிலைதான்.

'ஊழியருக்கு ஜெபம் போதாதா?' என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் விசுவாசம் இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், வேதாகமமே ஊழியரைத் தனியே விடவில்லை. காலை முதல் மாலை வரை வழக்குக் கேட்டுக் களைத்த மோசேக்குப் பொறுப்பைப் பகிர்ந்தளிக்க வழி சொன்னவர் மாமனார் எத்திரோ. இயேசுவும் சீடர்களை இரண்டிரண்டு பேராகவே அனுப்பினார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், இக்கட்டான நிலையிலுள்ள குருக்களுக்கு ஆதரவு கிடைக்கப் பார்த்துக்கொள்வதை மறைவட்ட முதன்மைக் குருவின் கடமையாக வைத்திருக்கிறது.

போதகர்கள் மனம் திறந்து பேச ஒரு சிறு குழு அமைப்பதில் நிர்வாகத்துக்கு உள்ள தயக்கமும் நியாயமானதே. திருமண்டலத் தேர்தல்களைக் கண்டவர்களுக்கு, போதகர்கள் தனியே கூடினால் அது இன்னொரு அணியாகிவிடுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. மறுபுறம், மேலிடமே கூட்டி, மேலிடமே கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். இரண்டையும் கணக்கில் கொண்டால் ஒரு நடுவழி தென்படுகிறது. குழு இருப்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கட்டும். உள்ளே பேசப்படுவது நிர்வாகத்துக்குப் போக வேண்டாம். தேர்தலும் இடமாற்றமும் குழுவில் பேசுபொருளாக வேண்டாம்.

பல ஊர்களில் போதகர் ஐக்கியம் ஏற்கெனவே இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். பாடல், செய்தி, ஜெபம், மதிய உணவு என்று நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு நான்கைந்து பேராகப் பிரிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒவ்வொரு முறையும் அதே குழு; அறிவுரைக்கு முன் கேட்பதற்கு இடம்; கேட்டது வெளியே போகாது என்ற உறுதி. இந்த இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு குழந்தைக்கோ வேறு யாருக்கோ தீங்கு நேர்ந்தது தெரிந்தால், அதை மூடி மறைக்கும் இடமாக இக்குழு ஆகக் கூடாது. தூக்கமின்மையும் விரக்தியும் நீடிக்கும் ஊழியரை, நண்பர்களே மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எல்லாருக்கும் பொதுவானது. போதகர்களின் துணைவியருக்கும் இதுபோன்ற தனிக் குழு அமைவது நல்லது.

ஒரு சபையார் இன்னொரு சபைக்கு மாறிப்போனதால் பேச்சுவார்த்தையே நின்றுபோன போதகர்கள் உண்டு. அந்தக் கசப்பு ஒரே நாளில் தீராது. ஆயினும், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட வெவ்வேறு மரபினர் 1947இல் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கிய மண் இது. உபதேச வேறுபாடுகளை வைத்துக்கொண்டே ஒருவர் சுமையை ஒருவர் கேட்பது அதைவிடக் கடினமான காரியமல்ல.

சபையாரின் பங்கும் சிறிதல்ல. வாரத்தில் ஒரு நாள் போதகருக்கு ஓய்வு என்று சேகரக் கமிட்டி தீர்மானித்து, அவசரமில்லாத அழைப்புகளை அன்று தவிர்க்கலாம். மாதக் கூடுகைக்கான பயணச் செலவைச் சபைக் கணக்கிலேயே சேர்க்கலாம். போதகர் அங்கே போவதைக் கடமை தவறுதலாகப் பார்க்காமல், ஊழியத்தின் ஒரு பகுதியாகவே ஏற்கலாம். நம் வீட்டுத் துக்கத்தில் முதலில் வந்து நிற்பவர் நலமாக இருப்பது நம் எல்லாருக்கும் தேவை. அதற்குப் புதிய அமைப்போ பெரும் நிதியோ வேண்டாம். அடுத்த மாதக் கூடுகையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.