குரங்குக் கடியும் ஒரு நாள் பேரும்

இரண்டு மூன்று வருடமாகக் குரங்கைப் பற்றி நாடே பேசுகிறது. 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள், பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனபோது, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கின் மேல் பழி விழுந்தது. மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் வாசலில் நின்று குரங்கையும் மயிலையும் பன்றியையும் எண்ணச் சொன்னார்கள். எல்லாம் பயிர்ச் சேதத்துக்காக. குரங்குக்கும் நமக்கும் இடையில் போய்வரும் நோயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஹந்தானை தொடங்கி கலஹா, தெல்தோட்டை, புப்புரஸ்ஸ வரை தோட்டங்களில் இருக்கும் நமக்கு அதுவும் ஒரு பெரிய விஷயம்தான்.

குரங்கிடம் வேலை வாங்கும் நாடுகள் உண்டு. தாய்லாந்திலும் மலேசியாவின் கிளந்தானிலும் குரங்கின் கழுத்தில் கயிறு கட்டித் தேங்காய் பறிக்க வைக்கிறார்கள். நம் பக்கத்தில் அது இல்லை. இங்கே குரங்காட்டி வந்தார். லயத்து வாசலில் குரங்கு குட்டிக்கரணம் போட்டது, பிள்ளைகள் கையிலிருந்து வாங்கித் தின்றது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குட்டியைப் பிடித்து வந்து சங்கிலியில் கட்டி வளர்க்கிற பழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. சிங்களத்தில் ரிலவா என்று சொல்லும் செங்குரங்குதான் அது. குட்டியாக இருக்கும்வரை விளையாட்டு. வளர்ந்த பிறகு கடிக்கும்.

கட்டிப்போட்ட குரங்குக்கும் நமக்கும் மூச்சுக்காற்றே ஒன்றுதான். மனிதனின் காசநோய் குரங்கைப் பிடிக்கும், சின்னமுத்தும் பிடிக்கும். நோய் நம்மிடமிருந்துதான் முதலில் அதற்குப் போகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் ஒருவருக்குச் சளியில் காசநோய் இருந்தால், பின்வாசலில் கட்டிய குரங்கும் தப்பாது. பிறகு அதைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளையும் தப்பாது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 2013இல் தெருக் குரங்காட்டத்தை நிறுத்தியபோது, நோய் பரவும் பயத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அங்கே குரங்கைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விரட்டிவிடவில்லை, காசு கொடுத்து வாங்கினார்கள். குரங்காட்டிக்கு வேறு தொழில் பழக்குவதாகவும் சொன்னார்கள். அந்த மனிதரும் ஒரு கூலிக்காரர்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மலேசியாவின் கதை இன்னும் நமக்குக் கிட்டியது. அங்கே மனிதருக்கு மனிதர் தொற்றும் மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். ஆனால் நுளம்பு மூலம் குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்பவர்களைப் பிடிக்கிறது. தேங்காய் பறிக்கப் பழக்குகிற அதே குரங்கினமும் அந்தக் கிருமியைச் சுமக்கிறது. இலங்கையை 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதனால் இங்கே குரங்கைக் கண்டு மலேரியாவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மலேசியாவுக்கு வேலைக்குப் போய் வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும், அங்கே இருந்து வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இங்கே நாம் பார்க்க வேண்டியது தண்ணீர். பேராதனை மிருக வைத்திய பீடத்தாரும் சேர்ந்து பொலன்னறுவைக் குரங்குகளை ஆராய்ந்து 2006இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கடும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் ஒரு கிருமி, மனிதரும் மாடும் அசுத்தம் செய்த இடங்களிலும் தண்ணீரிலும் புழங்கிய குரங்குகளிடம்தான் அதிகமாக இருந்ததாம். காட்டுக்குள்ளே தன்பாட்டில் இருந்த குரங்கு அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. அப்படியானால் மூடியில்லாத தண்ணீர்த் தாங்கி, நிரம்பி வழியும் மலகூடம், லயத்துக்குக் கீழே கொட்டிக் கிடக்கும் குப்பை, இவையெல்லாம் குரங்கின் குற்றமா? குரங்கு தாங்கிக்குள் கைவிட்டுத் தண்ணீர் குடிக்கிறது என்று முறையிட்டால், குரங்கை விரட்டு என்று பதில் வருகிறது. ஒரு மூடி போடுவதற்கு எவ்வளவு செலவாகும்?

கடைசியாகக் கடி. விசர்நோய் நம் நாட்டில் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது, குரங்கால் வருவது அரிது. ஆனால் நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. ஆகவே கடியைச் சும்மா விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசி அங்கே இலவசம். கீறலுக்கும் இதேதான்.

ஊசி இலவசம்தான், நாள் இலவசமில்லை. ஒரு ஊசியோடு முடிவதில்லை, சொன்ன நாட்களில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மலையிலிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ போய் வந்தால் அன்றைய பேர் போகும், பஸ் காசும் போகும். அதனால்தான் முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். இதை அறியாமை என்று சொல்பவர்கள் எங்கள் சம்பளச் சீட்டை ஒரு தடவை பார்க்கட்டும். வேலையால் வேலை நேரத்தில் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில் இருக்கிறது. கொழுந்து மலையில் குரங்கு கடித்தால் அதுவும் வேலைக் காயம்தான் என்பது எங்கள் நிலைப்பாடு.

ஆகவே தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுக்க வேண்டும். கடிபட்டவருக்கு ஊசி போடும் நாளெல்லாம் முழுப் பேர், போய்வர வாகனம், தாங்கிகளுக்கு மூடி, வாரம் ஒரு தடவை குப்பை அகற்றல் ஆகியவற்றை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பிரதியை சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அனுப்புங்கள். குட்டியைக் கட்டி வளர்க்கும் வீடு இருந்தால் சண்டை வேண்டாம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக என்று சொல்லிப் பேசிப் பாருங்கள். மலையில் கடிபட்டவரின் பெயரை, நாளோடும் நேரத்தோடும், அன்றைக்கே கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். பிறகு நட்டஈடு கேட்கும்போது அந்த ஒரு வரிதான் நம் கையில் இருக்கும்.