லிஃப்ட் தேடிய சிறுமி

1897-ம் ஆண்டு கோடைக்காலம். பிரான்சின் வடக்கே லிசியு என்ற சிறு நகரம். அங்குள்ள கார்மேல் மடத்தில் ஒரு கன்னியாஸ்திரிக்குக் கவலை. காசநோயில் படுத்திருக்கும் இளம் சகோதரி இறந்துபோனால் மடத் தலைவி பாடு திண்டாட்டம். மற்ற மடங்களுக்கு இரங்கல் மடல் அனுப்புவது வழக்கமாயிற்றே, அதில் இந்தப் பெண்ணைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

அந்த வருடம் செப்டம்பர் 30-ல் அவர் இறந்தார். வயது 24. சரியாக ஓராண்டு கழித்து வந்த 'இரங்கல் மடல்' ஒரு புத்தகமாகவே இருந்தது. மேலிடத்து உத்தரவின்படி அவரே நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்த சுயசரிதை. முதலில் அச்சானவை 2,000 பிரதிகள். 1925-ல் அவர் புனிதர். 1997-ல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு 'மறைவல்லுநர்' என்ற பட்டத்தை வழங்கினார். அகுஸ்தீன், தாமஸ் அக்குவினாஸ் போன்ற மேதைகள் வரிசையில், 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு பெண்.

தெரேஸ் மார்த்தேன் என்ற அவரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குழந்தை தெரசாள் என்பார்கள். சிறுமலர் என்றும் சொல்வார்கள். இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் அந்தப் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் தென்படும். ரோஜாப் பூக்களை அணைத்தபடி சாந்தமாக நிற்கும் சுரூபத்தையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவரை எளிதில் தவறாகப் புரிந்துகொள்ள வைப்பதும் அந்தச் சுரூபம்தான். குழந்தை மனம் என்றால் சொன்னதை நம்புவது, சொன்னபடி நடப்பது, எதிர்த்துப் பேசாமல் புன்னகைப்பது என்று அது சொல்லாமல் சொல்கிறது. தாழ்மை என்பது பெரும்பாலும் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்குச் செய்யும் உபதேசமாகவே இருந்து வந்திருக்கிறது. கன்னியர், வேலைக்காரர், கோவில் பிள்ளைகளுக்கு அது தாராளமாகக் கிடைக்கும். மேற்றிராணியார்களுக்கு யார் உபதேசிப்பது?

சுவிசேஷத்தில் விஷயம் நேர்மாறாக இருக்கிறது. தங்களில் யார் பெரியவன் என்று சீடர்கள் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். கப்பர்நாகூமில் வீட்டுக்குள் வந்ததும், என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று இயேசு கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் ஒரு குழந்தையை நடுவில் நிறுத்துகிறார். அன்றைய உலகில் குழந்தைக்கு அந்தஸ்து கிடையாது, சொத்துரிமை கிடையாது, சபையில் பேச்சு கிடையாது. அங்கே குழந்தை நிற்பது வெகுளித்தனத்துக்கு உதாரணமாக அல்ல, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பிரதிநிதியாக. உபதேசம் கேட்டவர்கள் பதவிக்கு அடித்துக்கொண்டவர்கள்.

தெரேஸும் சொன்னபடி கேட்கிற பெண் இல்லை. 15 வயதில் மடத்தில் சேர வேண்டும் என்று பிடிவாதம். மேற்றிராணியாரைப் பார்க்கப் போனபோது, பெரிய பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று முதல்முறையாகத் தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டார். அங்கே காரியம் ஆகவில்லை. 1887 நவம்பர் 20-ம் தேதி தகப்பனாருடன் ரோமில் போப் 13-ம் லியோவின் முன்னால் முழந்தாளிட்டார். போப்பிடம் யாரும் பேசக் கூடாது என்று கூட வந்த குருவானவரின் கண்டிப்பான உத்தரவு. தெரேஸ் பேசினார். கடவுள் சித்தமானால் நடக்கும் என்ற பதிலுக்குப் பிறகும் போப்பின் முழங்காலில் வைத்த கைகளை எடுக்கவில்லை. காவலர்கள் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1888 ஏப்ரலில் மடத்துக் கதவு திறந்தது.

குழந்தைத்தனமும் குழந்தை மனமும் ஒன்றல்ல என்பதை அவர் அதற்கு முன்பே கற்றிருந்தார். நாலரை வயதில் தாயைப் பறிகொடுத்த கடைக்குட்டி. தொட்டதற்கெல்லாம் அழுகை, அழுததற்காக மறுபடி அழுகை. 1886 கிறிஸ்துமஸ் இரவு, பூசை முடிந்து வீடு திரும்பியபோது, காலணிக்குள் பரிசு வைக்கும் பழக்கத்தைப் பற்றித் தகப்பனார் சலிப்போடு சொன்ன ஒரு வார்த்தை மாடிப்படியில் இருந்த மகளுக்குக் கேட்டுவிட்டது. கண்ணீரை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்து, சிரித்தபடியே பரிசுகளைப் பிரித்தார். அன்றுதான் தன் குழந்தைப் பருவம் முடிந்தது என்று பின்னாளில் எழுதினார். பிற்காலத்தில் ஆன்மிகக் குழந்தைமை என்று பெயர் பெற்ற மார்க்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மடத்தில் இளம் கன்னியர் கையில் முழுப் பழைய ஏற்பாடும் கிடைக்காது. அக்கா செலீன் 1894-ல் மடத்தில் சேர்ந்தபோது, வேத வசனங்களைப் பிரதி எடுத்த ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். (கேமராவும் கொண்டுவந்தார், தெரேஸின் படங்கள் நமக்குக் கிடைத்தது அதனால்தான். பிறகு அவரே அவற்றைத் தீட்டி அழகுபடுத்தியது தனிக்கதை.) நோட்டில் நீதிமொழிகளிலிருந்து ஒரு வசனம், சிறியவர்களை அழைப்பது. ஏசாயாவிலிருந்து இன்னொன்று, தாய் பிள்ளையைத் தேற்றுவது பற்றியது. தெரேஸுக்கு ரோம் பயணத்தின்போது அறிமுகமான லிஃப்ட் ஞாபகம் வந்தது. மகான்கள் ஏறிய படிகளில் ஏறத் தன் கால் எட்டாது. படி ஏற முடியாத குழந்தைக்கு லிஃப்ட் வேண்டும். இயேசுவின் கைகள்தான் அது. அதற்குத் தான் வளர வேண்டியதில்லை, சிறியவளாகவே இருந்தால் போதும். இதுதான் அவருடைய மொத்த இறையியல்.

அவர் நடை இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் திகட்டும். பூ, பனித்துளி, பொம்மை என்று பக்கத்துக்குப் பக்கம் சர்க்கரை. ஆனால் சர்க்கரைக்குள் இருப்பது கெட்டியான சரக்கு. ஜெபமாலை சொல்வது தனக்குப் பெரும் பாடு என்று ஒத்துக்கொள்கிறார். தியான நேரத்தில் வருடக்கணக்காகத் தூங்கி விழுந்திருக்கிறார். தூங்கும் பிள்ளையையும் பெற்றவர்கள் நேசிக்கத்தானே செய்கிறார்கள் என்று சமாதானம். எதைச் செய்தாலும் தனக்கு எரிச்சலூட்டிய ஒரு சகோதரியிடம் அவர் காட்டிய அன்பு எப்படிப்பட்டது என்றால், என்னிடம் அப்படி என்ன கண்டு மயங்கினாய் என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்டுவிட்டார்.

இதெல்லாம் சுலபமான பகுதி. 1896-ம் ஆண்டு புனித வாரத்தில் முதல்முறையாக ரத்தம் கக்கினார். சில நாளில் வந்த ஈஸ்டர் காலத்தில் விசுவாசமே இருண்டுபோனது. மோட்சம் என்ற ஒன்று இல்லை, சாவுக்குப் பின்னால் இருப்பது வெறும் இருட்டு என்று உள்ளே ஒரு குரல். ஒன்றரை வருடம், சாகும்வரை, அது விலகவே இல்லை. கடவுளை நம்பாதவர்கள் மனசாட்சிக்கு விரோதமாகப் பேசுகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். உண்மையிலேயே நம்ப முடியாதவர்கள் உண்டு என்பது இப்போது புரிந்தது. அவர்களைக் கண்டிக்கவில்லை. அவர்கள் பந்தியில் உட்கார்ந்து அதே கசப்பான அப்பத்தைச் சாப்பிடுவதாக எழுதினார். மோட்சத்தைப் பற்றிக் கவிதைகள் எழுதிக்கொண்டே இருந்தார். அவற்றில் இருப்பது தான் நம்ப விரும்புவதுதான் என்றும் எழுதிவைத்தார். கை பிடித்திருப்பது யார் என்று தெரியாத இருட்டில் கையை விடாமல் இருப்பதும் குழந்தையின் வேலைதான். சுரூபத்தில் இதற்கு இடமில்லை. அக்கா போலீன் பெரிதும் திருத்திய பிரதிதான் பல ஆண்டுகள் உலவியது. கையெழுத்துப் பிரதி அப்படியே வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகம் கேரளத்துக்கும் வந்தது. கோட்டயம் பக்கம் குடமாளூரைச் சேர்ந்த அன்னக்குட்டி அதைப் படித்தார். பரணங்கானம் மடத்தில் அல்போன்சாவாக நோயோடு வாழ்ந்து 1946-ல், 35 வயதில் இறந்தார். ஆரவாரமில்லாத சாவு. கல்லறைக்கு முதலில் வரத் தொடங்கியவர்களில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். 2008-ல் ரோமில் அவர் புனிதரானார். இந்தியப் பெண்களில் முதல்வர்.

இன்னொருவர் அல்பேனியக் குடும்பத்துப் பெண், ஆக்னஸ். லொரேட்டோ சபையில் சேர்ந்து 1931-ல் வார்த்தைப்பாடு கொடுத்தபோது தெரேஸின் பெயரைக் கேட்டார். அதே சபையில் வேறொருவர் அந்தப் பெயரை முன்பே எடுத்திருந்ததால் ஸ்பானிய வடிவத்தில் தெரசா ஆனார். கல்கத்தாவின் அன்னை தெரசாவுக்குப் பெயரோடு இருட்டும் சேர்ந்தே வந்தது என்பது, அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007-ல் கடிதங்கள் புத்தகமானபோதுதான் பரவலாகத் தெரிந்தது. தெரேஸுக்கு ஒன்றரை வருடம் என்றால் இவருக்கு ஏறக்குறைய ஐம்பது வருடம். விசுவாசமே இல்லாதவரா என்று சிலர் கேலி செய்தார்கள். பக்தர்கள் சிலர் பதறினார்கள். காளிகாட்டில் சாகக் கிடந்தவர்களைக் கழுவித் துடைத்ததும், உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை என்று குருவானவர்களுக்கு எழுதியதும் ஒரே கைகள். கடிதங்களை அழித்துவிடும்படி அவர் பலமுறை கேட்டிருந்தார். வாங்கியவர்கள் வைத்திருந்தார்கள்.