கஷாயம் குடிப்பது நீங்கள்... பக்குவம் பண்ணுவது யார்?

ஜோலார்பேட்டையில் ரயிலேறி வேலூருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் பலர். பையில் சர்க்கரை மாத்திரை இருக்கும். வீட்டு அடுப்பில் மரமஞ்சள் கஷாயமும் கொதிக்கும். டாக்டரிடம் மட்டும் மூச்சு விடமாட்டார்கள். 'சொன்னா திட்டுவாரு' என்கிற பயம்! இந்த ஒளிவுமறைவுதான் ஆபத்து என்கிறேன் நான்.

மரமஞ்சளின் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பெர்பெரின் என்கிற பொருள். சீன வைத்தியத்தில் ஹுவாங்லியன் என்று ஒரு கசப்பு வேர் உண்டு, அதிலும் இதேதான். அங்கே வயிற்றுப்போக்குக்கு இதை மலிவான மாத்திரையாகக் கொடுத்து வந்தார்கள். 2004-ல் சீன விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நம் கல்லீரல் செல்களின் மேல், ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் உண்டு. ஏற்பிகள் என்பார்கள். பெர்பெரின் இந்தக் கொக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறதாம். கொழுப்பு அதிகமிருந்த 32 பேருக்கு மூன்று மாதம் கொடுத்ததில், கெட்ட கொழுப்பு 25 சதவீதம் குறைந்தது.

32 பேர் என்பது கம்மிதான். நம் கீழாநெல்லி கதை ஞாபகமிருக்கட்டும். 1988-ல் வெளியான சென்னை ஆய்வில், ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் தங்கியிருந்த 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளமே ரத்தத்திலிருந்து மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை.

சரி, மரமஞ்சளுக்கு வருவோம். அதில் ஒரு புதிர். பெர்பெரினைக் குடல் உறிஞ்சுவது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். பிறகு எப்படி வேலை செய்கிறது? 2015-ல் விடை கிடைத்தது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை வேறு உருவமாக மாற்றுகின்றன. அந்த உருவம் ஐந்து மடங்கு சுலபமாகக் குடல் சுவருக்குள் நுழைகிறது. நுழைந்ததும் பழைய உருவத்துக்கே திரும்பிவிடுகிறது! மாறுவேஷத்தில் வாசலைத் தாண்டுகிற மாதிரி. ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவைக் குறைத்த விலங்குகளின் ரத்தத்தில் பெர்பெரினும் குறைவாகவே சேர்ந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட கஷாயம் உங்களுக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'நாட்டு மருந்துதானே, என்ன பண்ணிடும்?' என்று கேட்காதீர்கள். பலன் தருகிற பொருளுக்குப் பக்கவிளைவும் உண்டு. இதுவும் சர்க்கரையைக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையை மோசமாக்கும் என்ற பயத்தில், சிங்கப்பூர் அரசு 1978-ல் பெர்பெரினுக்குத் தடையே போட்டது. பிற்பாடுதான் தளர்த்தினார்கள். ஆனாலும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் இதைத் தொடவே வேண்டாம்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: கஷாயம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள் ஐயா. சுளித்தால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்கள்.

நீங்களும் அடுத்த முறை மாத்திரைச் சீட்டோடு, அந்தக் கட்டையிலும் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி ஒன்று, இமயமலைச் செடி ஒன்று என இரண்டுமே மரமஞ்சள் என்ற பெயரில்தான் விற்பனையாகின்றன.