கார்த்தஹேனா: பெயர் வைத்தது ரோமர்களா?

ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில் கார்த்தஹேனா என்று ஒரு துறைமுக நகரம். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பழைய ரோமானிய நகரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1988-ல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து பெரிய ரோமானிய அரங்கம் ஒன்று வெளிப்பட்டது உண்மைதான். அதற்காக, ஊரைத் தோற்றுவித்ததே ரோமர்கள்தான் என்பது என்ன நியாயம்?

கி.மு. 227 வாக்கில் அந்த நகரத்தை நிறுவியவர் ஹஸ்த்ரூபல். ஹானிபலின் சகோதரியின் கணவர்; கார்த்தேஜின் தளபதி. இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ்தான் அன்று ரோமுக்குப் பெரும் எதிரி. அந்தத் தாய்நகரத்தின் பெயரையே ஹஸ்த்ரூபல் தன் ஊருக்கும் வைத்தார்: கர்த் ஹதஷ்த். பியூனிக் மொழியில் 'புதுநகரம்' என்று பொருள். நம்மூர் வழக்கில் சொன்னால் 'புதூர்'! கி.மு. 218-ல் ஹானிபல் ரோமை நோக்கிப் படையோடு கிளம்பியதும் இங்கிருந்துதான்.

ரோமர்கள் எப்போது வந்தார்கள்? கி.மு. 209-ல், சிபியோவின் படையாக. ஒரு பக்கம் மதிலைத் தாக்கிக்கொண்டே, தண்ணீர் வற்றிய காயல் வழியாக மறுபக்கம் வீரர்களை இறக்கி ஊரைப் பிடித்தார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டினார்கள். இதை எழுதி வைத்தவர் ரோமின் எதிரி அல்ல, சிபியோ குடும்பத்துக்கு வேண்டியவரான பொலிபியஸ். பக்கத்து வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்ததாகவும், ரோமுக்குத் தினமும் 25,000 திராக்மா வருமானம் வந்ததாகவும் சொல்வதும் அவரே.

சரி, பெயராவது ரோமர்களுடையதா? இரண்டு கார்த்தேஜையும் பிரித்துச் சொல்ல வேண்டுமென்று 'கார்த்தாகோ நோவா' என்றார்கள். 'நோவா' என்றால் லத்தீனில் புதிய. ஆக, அவர்கள் செய்தது 'புதுப் புதூர்'! பிறகு அந்த 'நோவா' உதிர்ந்துபோனது. இன்று நிலைத்திருப்பது பியூனிக் சொல்லின் திரிபு மட்டுமே. 1533-ல் கொலம்பியாவில் உருவான கார்த்தஹேனாவுக்கும் போய்ச் சேர்ந்தது அதே சொல்தான்.

ரோமர்கள் அந்த ஊரை வளர்த்தார்கள், அரங்கம் கட்டினார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வளர்த்தவர் வேறு, பெற்றவர் வேறு.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. கி.மு. 146-ல் கார்த்தேஜை ரோம் அழித்தொழித்தது. கார்த்தேஜியர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிய நூல் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. அவர்கள் கதை பெரும்பாலும் கிரேக்கர், ரோமர் வாய்வழியாகத்தான் நமக்கு வந்திருக்கிறது. மக்கள் வாயில் இன்றும் புழங்கும் அவர்களுடைய சொற்கள் மிகச் சில. அதில் ஒன்று இந்த ஊர்ப்பெயர்.

நாட்டைப் பறித்தவனுக்கே பெயர் வைத்த பெருமையையும் தூக்கிக் கொடுக்க வேண்டுமா?