பேண்ட் உடைஞ்சதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட வர்றது?

1/ "கூட்டாளிகளோட வச்சிருந்த பேண்ட் உடைஞ்சு போச்சுன்னு மூணு வாரமா தூங்க மாட்டேங்கிறான் சார். இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட வர்றது?" மேலூர் பக்கமிருந்து மகனைக் கூட்டிட்டு வந்த அம்மா கேட்டாங்க. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)
இதுக்கும் வரலாம்மா. ஏன்னு சொல்றேன்.

2/ நாலு பசங்க. ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். சொந்தமா தமிழ்ல பாட்டு எழுதி, காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கைதட்டு வாங்கினவங்க. அதுக்கப்புறம்? நம்ம மதுரையில திருவிழா மேடைன்னா சினிமாப் பாட்டுதான். ஒருத்தனுக்குப் பெங்களூருல வேலை, இன்னொருத்தனுக்குக் கல்யாணம். முடிஞ்சுது.

3/ 'குரங்கன்' பேண்டை உங்கள்ல எத்தனை பேர் கேட்டிருப்பீங்க? சென்னையில கபேர் வாசுகியும் டென்மாவும் இருந்த பேண்ட். சினிமாவுக்கு வெளியே தமிழ்ல பாடினாங்க. அதுவும் கலைஞ்சது. ஆனா டென்மா 2018 ஜனவரியில மேடையேறின 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் இசையை வழிநடத்தினார். 2022-ல 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கு இசையமைச்சார். குரங்கன்ல போட்ட உழைப்பு வீண்னு சொல்ல முடியுமா?

4/ இன்னொரு பக்கமும் இருக்கு. பிரிட்டனின் 'பேட்ஃபிங்கர்', பீட்டில்ஸோட ஆப்பிள் நிறுவனத்துல பாட்டு வெளியிட்ட பேண்ட். அதுல இருந்த பீட் ஹாமும் டாம் எவன்ஸும் எழுதின 'வித்தவுட் யூ', ஹாரி நில்சன் குரல்ல உலகமெல்லாம் ஹிட். ஆனா பண, ஒப்பந்தச் சிக்கல்ல பேண்ட் சிதைஞ்சது. ஹாம் 1975-ல, எவன்ஸ் 1983-ல தற்கொலை செய்துகொண்டார்கள். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனா நெருக்கடி சேரும்போது "எப்படி இருக்க?"ன்னு ஒருத்தர் கேக்குறது பெரிய உதவி.

5/ என் கருத்து இதுதான்: வருஷக்கணக்கா ஒரே அறையில சேர்ந்து வாசிச்சவங்க பிரியுறது நிஜமான இழப்பு. "வெட்டி வேலை ஒழிஞ்சது"ன்னு சொல்லாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி, எதுலயும் நாட்டம் இல்லைன்னா டாக்டரைப் பாருங்க. சாகணும்போல இருக்குன்னு சொன்னா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. டெலிமனஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம்.

6/ பையன்கிட்ட கேட்டேன்: "கிட்டாரை என்னப்பா பண்ணின?"
"பரண்ல போட்டுட்டேன் சார்."
கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அந்த அம்மாதான் சொன்னாங்க: "வீட்டுக்குப் போனதும் நான் இறக்கித் தாரேன்யா."