சட்டமா குடும்பத்தைக் கெடுத்தது?

குடும்ப வன்முறைச் சட்டம் வந்துதான் டெல்டா கிராமங்களில் குடும்பம் கெட்டதாம். முன்பெல்லாம் நாலு பெரிய மனுஷர் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்களாம். இப்படி எழுதியிருக்கிறார் நண்பர் ஒருவர். எப்படி முடித்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடும். ‘இனிமே கை நீட்ட மாட்டேன்’ என்பான் புருஷன். ‘நீயும் கொஞ்சம் வாயை அடக்கும்மா’ என்று அவளுக்குப் புத்தி சொல்வார்கள். அடுத்த அடி விழுந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரத்தநாட்டுக்கோ திருவையாற்றுக்கோ பஸ் ஏறுவாள். அவன் அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பான். இதற்குப் பெயர் குடும்பத்தைச் சேர்த்து வைத்ததா?

‘புகார் கொடுத்தால் புருஷன் ஜெயிலுக்கு’ என்று பதறுகிறார். அவர் பயப்படுவது பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவுக்கு. அதிலும் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீதிபதி போடுவது அடிக்காதே, துரத்தாதே, செலவுக்குக் கொடு என்ற உத்தரவு. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் சிறை. அதுவும் அதிகபட்சம் ஓராண்டு. அவர் மெச்சும் ‘பேசித் தீர்ப்பது’கூட, கவுன்சிலிங் என்று, 14ஆம் பிரிவில் இருக்கிறது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் வீடும் நஞ்சையும் பெரும்பாலும் மாமனார் பெயரில். நாற்று நட்டவள், களை பறித்தவள் மருமகள். பட்டாவில் அவள் பெயர் கிடையாது. ‘இது எங்கப்பா வீடு, வெளியே போ’ என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வார்த்தையின் பல்லைப் பிடுங்கியது: மாமனார் பெயரில் இருந்தாலும், அவள் குடித்தனம் நடத்திய வீடு என்றால் அங்கே வசிக்கும் உரிமையை அவள் கோரலாம். நண்பர் குடும்பத்தைப் பிரிக்கிறது என்று வையும் சட்டம்தான் அவளை வீட்டுக்குள் நிறுத்துகிறது.

பொய் வழக்குகள் பெருகிவிட்டனவாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நாடு முழுவதும் அடிபட்ட பெண்களில் 100க்கு 77 பேர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வராத வழக்குகளைப் பற்றி அவருக்கு ஒரு வரியும் இல்லை.

கோபம் வந்தால் வாய்தாக்கள் மேல் வரட்டும். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அதுவரை, இதைப் படிக்கும் பெண்களுக்கு: உதவி எண் 181. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். வருமானச் சான்று தேவையில்லை.